சரிவு மலையோடது, வழுக்கல் யாரோடது?

தை மாதம் வந்தால் எங்க போன் முழுக்கப் பனிதான். ஒரு பக்கம் நுவரெலியாவில் புல்லும் தேயிலையும் வெள்ளையாக விறைத்துக் கிடக்கிற படங்கள். மறுபக்கம் லண்டனுக்கும் டொரொண்டோவுக்கும் போன கூட்டாளிமார் அனுப்புகிற வீடியோக்கள்: ஐஸ் பிடித்த ரோட்டில் கார் தானாக வழுக்கிக்கொண்டு போகும், ஆட்கள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பார்கள். அதைப் பார்த்ததும் எங்களுக்குள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "இதெல்லாம் ஒரு வழுக்கலா? எங்க தோட்டத்து ஏத்தத்துக்கு வந்து பாருங்க!"

அதில் ஒரு பெருமை இருக்கிறது. கொத்மலை ரோட்டில் ஐஸ் கிடப்பதில்லை. மழையும் பாசியும் சேறுமே போதும். லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்குகிற குறுக்குப் பாதையில், சப்பாத்துக்கு மேல் சொப்பிங் பேக்கைக் கட்டிக்கொண்டு வெள்ளை யூனிபோர்மில் சேறு படாமல் நடந்த பிள்ளைகள் நாங்கள். லீவு நாளில் அதே சரிவில் கமுகம் மட்டையில் உட்கார்ந்து சறுக்குவோம். தேயிலைச் செடியில் போய் முட்டினால்தான் பிரேக். "கால ஊண்டி நட புள்ள" என்று அம்மாயி மேலே நின்று கத்துவது காதிலேயே ஏறாது.

இந்த ஞாபகங்களை நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் அதே ஏற்றத்தில் வேறு ஆட்களும் நடந்தார்கள். நனைந்த கொழுந்தின் பாரத்தோடு அம்மாமார் இறங்கினார்கள். வருத்தம் முற்றினவர்களைக் கம்பளியில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் மட்டையில் சறுக்கியது ஒரு மணி நேரம். அவர்கள் வழுக்கி விழாமல் நடந்தது முப்பது, நாற்பது வருஷம். எங்க சிரிப்புக் கதைக்குள் அவர்களுடைய கதை காணாமல் போகிறது என்பதுதான் எங்க கவலை.

"மலைன்னா சரிவுதானே, பழகினவங்களுக்கு என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சரிவு இயற்கைதான், ஒத்துக்கொள்கிறோம். வழுக்கல் அப்படியில்லை. கான் வெட்டாத பாதை வழுக்கும். படியும் கைபிடியும் இல்லாத பாதை வழுக்கும். நுவரெலியாவுக்கு வாகனம் ஏற வேண்டும் என்றபோது இதே மலையில்தான் றம்பொடையில் 225 மீற்றர் சுரங்கப்பாதை குடைந்தார்கள். முடியாத காரியம் என்று ஒன்றுமில்லை.

அந்த வீடியோக்கள் வருகிற இங்கிலாந்தையே பாருங்கள். ஐஸில் கார் வழுக்கிப் படுகாயமடைந்த ஒருவர் போட்ட வழக்கில், ரோட்டைப் பராமரிக்கும் கடமைக்குள் ஐஸை அகற்றுவது அடங்காது என்று 2000இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. விதி என்று அதோடு விடவில்லை. 2003இல் பாராளுமன்றம் சட்டத்தையே மாற்றியது. பனியாலும் ஐஸாலும் ரோட்டில் போகிறவர்களுக்கு ஆபத்து வராமல், நியாயமாக முடிந்த அளவுக்குப் பார்த்துக்கொள்வது நெடுஞ்சாலை அதிகாரசபையின் கடமை ஆனது. வானத்திலிருந்து விழுகிற ஐஸுக்கே அங்கே பொறுப்பாளி இருக்கிறார்.

இங்கே? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாகவே இருந்தது. ஓட்டு மட்டும் போடலாம். பாதை கேட்டால் "அது தோட்டத்து ரோடு" என்பார்கள். தோட்டத்தில் கேட்டால் கொழுந்து லொறி போகிற ரோடுதான் ரோடு. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது வருஷத் தடை போனது. ஆனால் சட்டம் மாறினதும் பாதை தானாகப் போடப்படாதே.

2025 மே 11 அதிகாலை, கொத்மலை கெரண்டி எல்லவில் கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். நாடே இந்த மலையைத் திரும்பிப் பார்த்தது. பார்க்கத்தான் வேண்டும். ஆனால் தோட்டத்துப் பாதையில் வழுக்கி இடுப்பு ஒடிந்தவர் செய்தியாவதில்லை. அவருக்கு எல்லாரும் சொல்வது, "பாத்து நடந்திருக்கலாமே" என்பதுதான்.

அதே மே மாதம்தான் உள்ளூராட்சித் தேர்தலும் நடந்தது. அதில் தெரிவானவர்களிடம் நாங்கள் கேட்பது பெரிய விஷயமில்லை. லயத்துப் பாதைகளுக்கென்று வருஷ வரவுசெலவுத் திட்டத்தில் தனியாக ஒரு தொகை. எந்தத் தோட்டத்தில் எந்தப் பாதைக்கு எவ்வளவு என்று தமிழில் ஒட்டப்பட்ட ஒரு பட்டியல். முதலில் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற பாதைகள்: கொங்கிரீட் படி, கைபிடி, ஓரத்தில் ஒரு கான்.

படி போட்டால் பிள்ளைகளின் விளையாட்டுப் போய்விடும் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். மட்டையில் சறுக்க மலையில் இடமா இல்லை?