ஒற்றை விரல் சிறகு

குழந்தைகளுக்கான டைனோசர் புத்தகத்தைப் புரட்டுங்கள். எரிமலைக்கு மேலே ஒரு ராட்சத வௌவால் நீண்ட அலகோடு பறந்துகொண்டிருக்கும். கீழே ‘டெரோசார்’ என்று பெயர் போட்டிருப்பார்கள். பொம்மைக் கடையிலும் இதே கதைதான்: தொளதொளத்த ரப்பர் தோல், அதற்குள் விரல்கள். (அதை டைனோசர் என்பதும் பிழைதான், டைனோசருக்கு அது பங்காளி முறை. அந்த வழக்கு வேறு.)

வௌவாலுக்குக் கட்டைவிரல் நீங்கலாக நான்கு விரல்களும் குடைக்கம்பிகள்போல இறக்கையைத் தாங்குகின்றன. டெரோசாரிடம் அந்தக் குடையே இல்லை. மூன்று சிறு விரல்கள் நகத்தோடு வெளியே துருத்தி நிற்கும். சுண்டுவிரல் கிடையாது. நம் மோதிர விரலுக்கு நேரான நான்காம் விரல் மட்டும், பெரும்பாலும் நான்கு எலும்புகளாக, விபரீதமாக நீண்டு சிறகின் முன்விளிம்பாகிறது. மணிக்கட்டில் வேறெந்த விலங்குக்கும் இல்லாத ‘டெராய்டு’ என்ற எலும்பு. கைக்கு முன்னாலிருந்த சிறு சவ்வைத் தாங்கியது அது.

கம்பத்தில் கட்டிய துணி படபடக்கும், பாரம் தாங்காது. ஒற்றை விரலில் வெறும் தோல் தொங்கியிருந்தால் டெரோசாருக்கும் அதே கதிதான். பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லில் பதிந்த, ராம்ஃபோரிங்கஸ் என்ற டெரோசாரின் சிறகு ஒன்றை 1882-இல் புதைபடிவ ஆய்வாளர் ட்சிட்டெல் விவரித்தார். அதன் சவ்வில் நெருக்கமாக, இணைகோடுகளாக ஓடும் வரிகள். முடியளவே பருமனுள்ள அந்த இழைகளுக்கு இன்று ஆக்டினோஃபைப்ரில் என்று பெயர். பனையோலையை அதன் ஈர்க்கு விறைப்பாக வைப்பதுபோல இவை சவ்வை வைத்திருந்தன. சீனாவில் கிடைத்த ஜெகோலோப்டெரஸ் என்ற டெரோசாரில் இவை அடுக்கடுக்காக, ஒன்றையொன்று குறுக்கே வெட்டி ஓடுவது 2009-இல் தெரியவந்தது. இன்னொரு ராம்ஃபோரிங்கஸின் சவ்வில் தசை அடுக்கும் ரத்தக்குழாய் வலையும்கூட உண்டு. சிறகின் இறுக்கத்தை வேண்டியபடி மாற்றிக்கொள்ள வேறென்ன வேண்டும்? இதைத்தான் ‘தோல் இறக்கை’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

வௌவால் மயக்கம் பழையது. 1843-இல் இயற்கையியலாளர் எட்வர்ட் நியூமன் டெரோசார்களை ரோமம் அடர்ந்த, கங்காருபோலப் பையுள்ள வௌவால்களாகவே வரைந்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் பூசிய ரோமம் மட்டும் ஓரளவு சரியாகிப்போனது. டெரோசார் உடலில் மயிர் போன்ற இழைகள் இருந்தன. நம் ஓவியர்களோ அந்த ரோமத்தை மழித்துவிட்டு வௌவாலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் விடை பெயரிலேயே கிடக்கிறது. 1809-இல் விலங்கியலாளர் கூவியே டெரோசார் ஒன்றுக்கு ‘சிறகு விரல்’ என்ற பொருளில் டெரோடாக்டைல் என்று பெயர் வைத்தார். விரல் என்றுதான் வைத்தார், விரல்கள் என்றல்ல.