முதலில் கழுதை, அப்புறம் ராணி

அயர்லாந்து ரயில் மாடல் பைத்தியங்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பத்து நிமிடத்தில் ஒரு கேள்வி வந்துவிடும்: "அடுத்து எந்த எஞ்சினை ரெடி-டு-ரன்னாகப் போடணும்?" நீராவிப் பக்கம் பேச்சு திரும்பினால் பத்தில் எட்டுப் பேர் சொல்லும் பதில் மேவ். அயர்லாந்து புராணத்து ராணியின் பெயரைத் தாங்கிய, 800 வகுப்பின் முதல் எஞ்சின். நான் இதைக் கடுமையாக மறுக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு சின்ன விளக்கம். ரெடி-டு-ரன் என்றால் பெட்டியைப் பிரித்து, தண்டவாளத்தில் வைத்து, கரண்ட் கொடுத்தால் ஓடும் மாடல். மற்றொரு வகை கிட். பித்தளைத் தகட்டை நாமே வெட்டி, வளைத்து, பற்றவைத்து, பெயின்ட் அடிக்க வேண்டும். அயர்லாந்து நீராவி எஞ்சின் வேண்டும் என்றவர்களுக்குப் பல காலம் இந்த இரண்டாவது வழிதான் கதி. சில சிறு பட்டறைகள் கைவேலையாகக் கொஞ்சம் எண்ணிக்கையில் செய்து விற்றதுண்டு. பெரிய அளவில் ஆலையிலிருந்து வந்தவையோ பெரும்பாலும் டீசல்தான். மர்ஃபி மாடல்ஸின் 121, 141, 181, 071, 201 வகுப்புகள், ஐரிஷ் ரயில்வே மாடல்ஸின் ஏ வகுப்பு... எல்லாமே அருமையான வேலை, குறை சொல்ல மாட்டேன்.

அதற்கு முன்னால் என்ன இருந்தது தெரியுமா? பிரிட்டிஷ் எஞ்சினுக்கு அயர்லாந்து சட்டை! லிமா கம்பெனி பிரிட்டனின் 33ஆம் வகுப்பு டீசலுக்கு சி.ஐ.இ.யின் ஆரஞ்சுப் பெயின்ட் அடித்து விற்றது. கண்ணை இடுக்கிப் பார்த்தால் சி.ஐ.இ.யின் பி101 வகுப்பு மாதிரி தெரியும். இரண்டையும் கட்டியது பர்மிங்ஹாமில் ஒரே கம்பெனி, இரண்டிலும் சல்சர் எஞ்சின், எனவே தூரத்துச் சொந்தம்தான். ஆனால் அதில் நாலு ஜோடிச் சக்கரம், இதில் ஆறு. சொந்தக்காரர் என்பதற்காகச் சித்தப்பா போட்டோவை அப்பா போட்டோ என்று சுவரில் மாட்டுவோமா?

(நியாயமாக ஒரு விதிவிலக்கையும் சொல்லவேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் வுல்விச் ஆயுதத் தொழிற்சாலை ஒரு எஞ்சினுக்கான பாகங்களை மலைபோலச் செய்து குவித்தது. அதில் ஒரு பகுதியை அயர்லாந்து வாங்கி 26 எஞ்சின்களைப் பூட்டியது. ஆகவே பாக்மன் தன் 'என்' வகுப்பு மாடலுக்கு சி.ஐ.இ. பெயின்ட் அடித்தது பொய்யில்லை. உண்மையான உடன்பிறப்பு.)

சரி, மேவுக்கு வருவோம். அழகில் எனக்குச் சண்டையே இல்லை. 1939-40ல் டப்ளின் இஞ்சிக்கோர் பட்டறையில் கட்டிய 4-6-0. மூன்று சிலிண்டர். பெயர்ப் பலகையில் பழைய ஐரிஷ் எழுத்து. பெல்ஃபாஸ்ட் பக்கம் கல்ட்ரா அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் மொத்தம் எத்தனை கட்டினார்கள்? மூன்றே மூன்று! ஓடியது டப்ளின் - கார்க் மெயின் லைனில். அதுவும் கட்டி முடித்த சூட்டில் உலகப்போர், நிலக்கரிப் பஞ்சம். எக்ஸ்பிரஸ் ராணி நிலக்கரிக்கு ஏங்கி நின்ற கதைதான்.

இப்போது கம்பெனிக்காரர் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். மாடல் செய்வதில் பெரிய செலவு பிளாஸ்டிக்கோ மோட்டாரோ அல்ல, உலோக மோல்டு. நூறு செய்தாலும் பத்தாயிரம் செய்தாலும் மோல்டுக்கு ஒரே செலவு. அதனால் ஒரே மோல்டிலிருந்து எத்தனை நம்பர், எத்தனை பெயின்ட், எத்தனை காலகட்டம் எடுக்கலாம் என்பதுதான் கணக்கு. ஏ வகுப்பைப் பாருங்கள். 60 எஞ்சின்கள், 1955லிருந்து நாற்பது வருட ஓட்டம், வெள்ளி, பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று வரிசையாக நிறம். ஒருவரே நாலு வாங்குவார். மேவை ஒருவர் எத்தனை வாங்குவார்? ஒன்று. அதையும் கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுவார், ஏனென்றால் அந்த நீளத்துக்கும் அதன் பின்னால் வரவேண்டிய பெட்டி வரிசைக்கும் வீட்டில் இடம் இருக்காது.

என் வேட்பாளர் ஜே15. பெயரே பாருங்கள், ரேஷன் கடை கோடு மாதிரி! கிரேட் சதர்ன் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 101 வகுப்பு என்பது பழைய பெயர். ஆறு சக்கரம், முன்னால் தாங்குசக்கரம் கிடையாது, பின்னால் கிடையாது. 1866ல் தொடங்கி 1903 வரை நூற்றுக்கும் மேல் கட்டினார்கள். அயர்லாந்தில் வேறெந்த எஞ்சினும் இத்தனை எண்ணிக்கையில் இல்லை. 1925ல் பழைய கம்பெனி போய் கிரேட் சதர்ன் ரயில்வேஸ் வந்தது, ஜே15 ஓடியது. 1945ல் அதுவும் போய் சி.ஐ.இ. வந்தது, ஜே15 ஓடியது. சி.ஐ.இ. நீராவிக்கு மூடுவிழா நடத்திய 1963 வரைக்கும் வண்டி இழுத்துக்கொண்டிருந்தது. விக்டோரியா ராணி காலத்து டிசைன், பீட்டில்ஸ் காலம் வரைக்கும்!

என்னதான் இழுக்கவில்லை? சரக்கு, மாட்டுச் சந்தை ஸ்பெஷல், சர்க்கரை பீட், ஜல்லி, கிளைப் பாதையில் ஒரே ஒரு பயணிகள் பெட்டி. எடை குறைவு என்பதால் எந்தப் பாதையிலும் போகும். கழுதை என்று நான் சொல்வது திட்டுவதற்கு அல்ல. ஊரே அதன் முதுகில்தான் நடந்தது.

மாடலாகப் பார்த்தாலும் கணக்கு ஜே15 பக்கமே சாய்கிறது. சிலிண்டர்கள் சட்டத்துக்கு உள்ளே இருப்பதால் வெளியே சக்கரங்களை இணைக்கும் தண்டு மட்டும்தான். மேவுக்கு வெளியில் தொங்கும் வால்வு கம்பிகள் அத்தனையையும் ஆலையில் ஒருவர் கையால் பூட்ட வேண்டும், அதற்குக் கூலி. ஜே15க்கு அந்தத் தொல்லை இல்லை. மோட்டார் பாய்லருக்குள், டிஜிட்டல் சிப்பும் ஸ்பீக்கரும் பின்னால் நிலக்கரி சுமக்கும் டெண்டருக்குள் என்று பிரித்துவிடலாம். பாய்லரில் வட்டத் தலை, பெல்பேர் என்ற சதுரத் தோள் என இரண்டு வகை. அதற்கு இரண்டு மோல்டு துண்டு போட்டால் போதும். நீளம் டெண்டரோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு சாண்தான். நாலு வேகன், ஒரு கார்ட் வேன் சேர்த்து புத்தக அலமாரி மேலேயே ஒரு ஸ்டேஷன் நடத்தலாம். ஹாஸ்டல் அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே வாழ்கிறவர்களுக்கு இதன் அருமை புரியும் :-)

"நீராவியை நேரில் பார்த்தவர்கள் இப்போது எத்தனை பேர்? ஞாபகம் இருந்தால்தான் வாங்குவார்கள்" என்று ஒரு வாதம் ரொம்ப காலமாகச் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. 1963ல் பத்து வயதுப் பையனுக்கு இன்றைக்கு எழுபது தாண்டிவிட்டது, உண்மைதான். ஆனால் ஹார்ன்பி 2020ல் ஸ்டீபன்சனின் ராக்கெட்டை மாடலாகக் கொண்டுவந்ததே, அது 1829 எஞ்சின். அதை நேரில் பார்த்த தாத்தா எந்த ஊரில் இருக்கிறார்? ஞாபகம் மட்டுமே விற்பனை என்றால் அந்த மாடல் வந்திருக்கவே கூடாது. மேலும் ஜே15 புகைப்படத்தோடு முடிந்துபோன ஜாதி இல்லை. 184, 186 என்று இரண்டு எஞ்சின்கள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. ஒன்றில் வட்டத் தலை பாய்லர், மற்றதில் பெல்பேர், என்ன வசதி பாருங்கள்! 1978ல் வந்த 'த ஃபர்ஸ்ட் கிரேட் டிரெயின் ராபரி' படத்தில் ஷான் கானரி ஓடும் ரயில் கூரையில் தாவித் தாவிப் போவாரே, அந்தப் படத்தில் 1850களின் இங்கிலாந்து எஞ்சினாக வேஷம் கட்டியது 184தான்.

எனக்கு உண்மையில் பயம் எதில் என்றால், முதல் சூதாட்டத்தில். தீவு முழுக்க, வடக்கும் தெற்கும் சேர்த்து, சுமார் 70 லட்சம் மக்கள். அதில் ரயில் மாடல் வாங்குகிறவர் எத்தனை பேர்? இவ்வளவு சின்னச் சந்தையில் ஒரு கம்பெனி ஆசைப்பட்டு மேவில் பணத்தைக் கொட்டி, பாதி ஸ்டாக் கிடங்கில் தூங்கினால், "அயர்லாந்து நீராவி விலை போகாது" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அப்புறம் பல வருஷத்துக்கு அந்தக் கதவு திறக்காது. தோற்றது மூன்றே மூன்று கட்டிய ஒரு எஞ்சின். தண்டனை எல்லா எஞ்சினுக்கும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, கேஜ் கட்சி. அயர்லாந்து பாதை 5 அடி 3 அங்குலம், அதாவது 1600 மி.மீ. (நம்மூர் அகலப்பாதை 1676.) ஒரு அடிக்கு 4 மி.மீ. என்ற அளவில் அது 21 மி.மீ. வரவேண்டும். கடையில் கிடைக்கும் ஓஓ தண்டவாளமோ 16.5. அதனால் ஆலை மாடல் எல்லாமே பொய், 21 மி.மீ.யில் கையால் செய்வதுதான் அறம் என்பார்கள். செய்யுங்கள் ஐயா, கும்பிடுகிறேன். ஆனால் 16.5ல் ஓடும் ஒரு ஜே15 கையில் கிடைத்த பையன்தான் ஐந்து வருடம் கழித்து 21க்கு மாறுவான். கம்பெனிகளிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அகலமான சக்கர ஜோடி பின்னால் பொருந்தும்படி உள்ளே இடம் விட்டு டிசைன் செய்யுங்கள்.

வடக்கை மறந்துவிட்டேன் என்று யாரும் கல்லெறிய வேண்டாம். இரண்டாவது இடம் என் கணக்கில் வடக்குக்குத்தான். 1946லிருந்து 1950க்குள் வந்த 18 டபிள்யூ.டி. டாங்க் எஞ்சின்கள், செல்லப்பெயர் 'ஜீப்'. மோட்டார்வே போடுவதற்காக மாகரமோர்னிலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு மண் சுமந்த ரயில்களை 1970 வரை இழுத்தவை. முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ஜீப், நடுவில் வேகன்கள். அதாவது வாங்குகிறவர் ஒன்றோடு நிறுத்த முடியாது, இரண்டு வாங்கியே தீரவேண்டும்! இதற்கும் பிரிட்டனின் ஃபேர்பர்ன் டாங்கை எடுத்துக் கறுப்படித்தால் போதும் என்கிறார்கள். போதாது. ஃபேர்பர்னின் ஓட்டும் சக்கரம் 5 அடி 9 அங்குலம், ஜீப்புக்கு 6 அடி. மாடலில் அது 1 மி.மீ. வித்தியாசம்தானே என்று சிரிப்பவர்கள், தங்கள் மூக்குக் கண்ணாடியை 1 மி.மீ. தள்ளி வைத்துக்கொண்டு ஒரு நாள் நடந்து பார்க்கட்டும்.