மயிலாடும்பாறைக் கரியும் ஆரியர் வருகையும்

2022 மே மாதத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்த நாள் முதல், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூரான மயிலாடும்பாறை ஆரியர் வருகை குறித்த பழைய வழக்கில் கூண்டேற்றப்பட்டிருக்கிறது. இருதரப்பாரும் அதைத் தம் சாட்சி என்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

2021ஆம் ஆண்டு அகழாய்வில் அங்கே இரும்பு கிடைத்த மண்ணடுக்குகளின் கரி, கி.மு. 1615, கி.மு. 2172 என இரு காலங்களைத் தந்தது. 'இரும்பை ஆரியர் கொணர்ந்தனர் என்றது பொய். ஆகவே ஆரியர் வரவேயில்லை' என்கிறது ஒரு தரப்பு. முற்பாதி சரிதான். குதிரையோடு இரும்பையும் சேர்த்து எழுதிய பழைய பாடநூல்கள் திருத்தப்பட வேண்டியவையே. ரிக் வேதத்தின் 'அயஸ்' எந்த உலோகம் என்பதே உறுதியில்லை. கருநிற உலோகம் தெளிவாகத் தென்படுவது அதர்வ வேதத்தில். ஆனால் அந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது? இடப்பெயர்வுக் கோட்பாடு இரும்பின்மேல் நிற்கவில்லை. மொழிகளின் உறவு, கி.மு. 14ஆம் நூற்றாண்டு மித்தானி உடன்படிக்கையில் வரும் மித்திரன், வருணன், இந்திரன் பெயர்கள், 2019இல் வெளியான தொல்மரபணு ஆய்வுகள் ஆகியவற்றின்மேல் நிற்கிறது. ராக்கிகடிப் பெண்ணின் எலும்பில் ஸ்டெப்பி மரபுக்கூறு இல்லை என்றதும் பலர் கொண்டாடினர். அவர் ஹரப்பா காலத்தவர் அல்லவா! முன்பு இல்லாதது, கி.மு. 2000க்குப் பின் வந்து, இன்றைய மக்களிடம் பரவலாக இருக்கிறது என்பதுதானே எதிர்த்தரப்பின் வாதமே?

நம் பக்கத்து உற்சாகத்துக்கும் ஒரு சொல். 'ஆரியர் நுழையுமுன்பே தமிழர் இரும்பு உருக்கினர்' என்கிறோம். உருக்கியவர் எம்மொழி பேசினார் என்று இரும்பு சொல்லாது. நமக்குக் கிடைத்த தமிழி எழுத்துகள் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவை. கரியின் காலம் மரத்தின் காலம்; முதுமரத்தை எரித்திருந்தால் கணக்கு முன்தள்ளிப் போகும். 2025 ஜனவரியில் சிவகளைக்குச் சொல்லப்பட்ட கி.மு. 3345க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மாதிரிகள் பெருகப் பெருகத்தான் இந்த ஐயம் குறையும்.

பொருளும் மொழியும் வேறு வேறு வழியில் பயணிக்கும் என்பதை அறிய ஒசூருக்கு வந்தால் போதும். இங்கே செய்த டைட்டன் கடிகாரம் பாட்னாக்காரர் மணிக்கட்டில் ஓடுகிறது. அவர் தமிழ் பேசுவதில்லை. மாறாக, இவ்வூர் வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் தலைமுறைகளாக ஒலிக்கின்றன. எந்தப் பானையோடு அதைக் காட்டும்? சிப்காட் தெருக்களில் இன்று கேட்கும் இந்தியும் ஒடியாவும் நாளைய அகழ்வாளருக்கு என்ன தடயத்தை விட்டுவைக்கும், ஒரு பான்பராக் உறையைத் தவிர?

மேடைப் பேச்சுகளைவிட எனக்கு அவசரமாகத் தோன்றுவது வேறு. இம்மாவட்டம் பெருங்கற்காலச் சின்னங்கள் நிறைந்தது. கிரானைட் குவாரிகளும் நிறைந்தது. மல்லசந்திரத்துக் கல்திட்டைகள் போன்றவற்றைச் சுற்றி எல்லைக்கல் நட்டு, ஈமக்குழிகளில் எலும்பு மிஞ்சியிருந்தால் மரபணுவுக்கும் காலத்துக்கும் சோதித்து, முடிவு எத்தரப்புக்குக் கசந்தாலும் முழுமையாக வெளியிடட்டும். தொழிற்பேட்டைக்கு நிலம் அளக்கும்போதே தொல்லியல் துறையையும் உடன் அழைத்துச் செல்லலாம். பொக்லைன் இறங்கிய பிறகு அழைப்பதில் பயனில்லை.