அடுக்களைக் கத்திக்கு மறுவாழ்வு

சென்ற மாதம் எமது அன்னையார் சில நாள் எம்மோடு தங்கியிருக்க வந்தார். எண்பது வயதைக் கடந்தவர். எனினும் அடுக்களையில் வாளாவிருக்க அவர் கைகள் ஒருப்படுவதில்லை. வெங்காயம் அரிய அமர்ந்தவரிடம் பளபளக்கும் புதிய கத்தியொன்றைக் கொடுத்தோம். மூன்றாவது வெங்காயத்தில் அது வழுக்கி விரலைக் கீறிவிட்டது. விரலைச் சீலைத் துண்டினாற் சுற்றிக்கொண்டே, "தம்பி, எங்கடை பழைய கத்தியள் இரண்டும் எங்கையடா?" என்று கேட்டார்.

எமக்கு வெட்கமாயிற்று. அவ்விரு கத்திகளும் களஞ்சிய அறையில், பழைய தகரங்களுக்கு அடியில், சாக்குத் துண்டொன்றினுள் கிடந்தன. ஒன்று, எந்தையார் எழுதுவினைஞராகக் கொழும்பில் இருந்த காலத்திற் புறக்கோட்டையில் வாங்கியது. அலகில் 'ஷெபீல்ட்' என்ற முத்திரை உண்டு. மற்றையது ஊர்க் கொல்லர் லொறியின் வில்லுப் பட்டையை அடித்துச் செய்து கொடுத்தது. இரண்டும் செந்துருவால் மூடப்பட்டு, தொட்டால் விரலிற் பொடி ஒட்டும் நிலையில் இருந்தன.

இவை துருப்பிடித்தது ஏன்? புதிய கத்திகள் பிடியாதிருப்பது ஏன்? மாணவ நேயர்கள் அறிய வேண்டிய செய்தி இது. இரும்போடு நூற்றுக்கு ஒரு பங்கோ அதனிலும் குறைவாகவோ காபன் சேர்ந்தது காபன் உருக்கு. இதனைக் காய்ச்சிச் சடுதியாகக் குளிர்வித்தால் மிகவும் கடினமாகும். மெல்லிய வாயைத் தாங்கும். தேய்ந்தாலும் தீட்டுக்கல்லில் எளிதிற் கூர் ஏறும். ஆனால் ஈரமும் காற்றும் பட்டால் துரு ஏறும். 1913ஆம் ஆண்டில் அதே ஷெபீல்ட் நகரில் ஹரி பிறியர்லி என்பார் 12.8 வீதம் குரோமியம் கலந்த உருக்கொன்றை வார்த்தார். குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காப்புப் படலமொன்றை மேலே விரிக்கிறது. துருவேறா உருக்கின் மறைபொருள் இதுவே. அதன் பின்னரே மேசைக் கத்திகளைத் தினந்தோறும் துலக்கித் துடைக்கும் வேலை குறைந்தது.

துருவேறா உருக்கை நாம் இகழவில்லை. அன்னையாரின் விரலைக் கீறியது அதன் உருக்கன்று. நாம் அதனைத் தீட்டாது வைத்திருந்த குற்றம். கூரற்ற கத்திக்குக் கையின் பலம் வேண்டும். பலம் கொடுத்த கத்தி வழுக்கினால் எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்ல முடியாது.

இனி எமது அவசரபுத்தியையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறோம். கொல்லர் செய்த கத்தியை முதலில் எடுத்து, வீதியோரத்தில் மின்சாணை வைத்திருந்த ஒருவரிடம் கொண்டு சென்றோம். "இரண்டு நிமிடத்தில் முடியுமா?" என்று கேட்டவர்கள் நாமே. தீப்பொறி பறந்தது; துருவும் பறந்தது. ஆனால் கத்தியின் வாய் நெடுகிலும் மயிற்கழுத்து நீலம் படர்ந்திருந்தது. அழகாயிருக்கிறதென்று மகிழ்ந்து வீட்டுக்கு வந்து பூசணிக்காயில் வைத்தோம். வாய் மடங்கிவிட்டது!

அந்த நீலம் அழகன்று, எச்சரிக்கை. துலக்கிய உருக்கு 220 பாகை சதம அளவிற் சூடேறும்போது வைக்கோல் நிறம் கொள்ளும். பின்னர் கபிலமும் ஊதாவும் தோன்றி, 300 பாகையளவில் நீலமாகும். கொல்லர் தம் உலையில் ஊட்டிய கடினத்தைச் சாணையின் சூடு அழித்துவிட்டது என்பதே அதன் பொருள்.

இவ்வாறு பட்டறிந்தபின், ஷெபீல்ட் கத்தியைக் கையாலேயே சீர்செய்தோம். முறை வருமாறு:

முதலில் அலகைச் சவர்க்கார நீரிற் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை நீக்கினோம். பின்னர் வினாகிரியில் நனைத்த துணியை அலகின்மீது மட்டும் சுற்றி, அரைமணி நேரம் வைத்தோம். பழப்புளிக் கரைசலும் இவ்வேலையைச் செய்யும். இரவு முழுவதும் ஊறவிடலாகாது. அமிலம் துருவை உண்டபின் உருக்கையும் உண்ணத் தொடங்கிவிடும். பிடி மரமாதலால் அதனை எக்காரணங்கொண்டும் நீரில் அமிழ்த்தலாகாது. இளகிய துருவைத் தென்னந்தும்பும் சாம்பலும் கொண்டு தேய்த்தோம். எஞ்சியதை 400ஆம் இலக்க மட்டத்தாளாலும், பின்னர் 600ஆம் இலக்கத்தாலும், அலகின் நெடுக்குவாட்டில் மட்டும் தேய்த்தெடுத்தோம். முத்திரை உள்ள இடத்தை மட்டத்தாள் தொடாமற் பார்த்துக்கொண்டோம். ஈற்றில் அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவி, எஞ்சிய புளிப்பை மாற்றி, உடனே ஈரமறத் துடைத்தோம். துருத் தின்ற சிறு குழிகள் சில எஞ்சின. அவற்றை நீக்க முயன்றால் அலகு மெலிந்துவிடும்; முதுமையின் தழும்புகளாக அவை இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது தீட்டல். கல்லை நனைத்து, அலகைப் பதினைந்து பாகை சாய்வில் வைத்தோம். அலகின் அகலம் 4 சென்ரிமீற்றர் எனின், அதன் முதுகைக் கல்லிலிருந்து ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் உயர்த்தினால் அச்சாய்வு கிட்டும். திரிகோண கணிதம் படிக்கும் பிள்ளைகள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கத்தைத் தீட்டும்போது மறுபக்கத்தில் விரலுக்கு மெல்லிய பிசிறு தட்டுப்படும். அதன் பின்னரே பக்கம் மாற்ற வேண்டும். முடிவில் இருபுறமும் மாறிமாறி மெல்லத் தீட்டினாற் பிசிறு உதிர்ந்துவிடும். பிடிக்கும் அலகுக்கும் சிறிதளவு தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தோம். இரண்டு மாலைப் பொழுதுகள் சென்றன.

மற்றைய கத்தி என்னாயிற்று? அதனை எறிய மனம் வராமல் ஊருக்குக் கொண்டு சென்று, கம்மாலையில் ஒரு கொல்லரிடம் காட்டினோம். அவர் நகைத்தார். "ஐயா, சூட்டிலை போனது சூட்டிலைதான் வரும்" என்றார். உலையில் இட்டு, செம்பழ நிறம் வரும்வரை காத்திருந்து, எண்ணெயிற் தோய்த்தார். உருக்கு ஏறத்தாழ 770 பாகையைத் தாண்டினாற் காந்தம் அதனை இழுக்காது. அந்நிலையைச் சற்றுக் கடந்ததும் தோய்க்க வேண்டும் என்பது நூலறிவு. அவருக்கோ கண்ணே காந்தம். பின்னர் அலகைத் துலக்கி, மீண்டும் இளஞ்சூட்டில் வைக்கோல் நிறம் கண்டதும் எடுத்துவிட்டார்.

இக்கைத்திறன் நம் நாட்டுக்கு நேற்று வந்ததன்று. சமனலவெவப் பகுதியின் மலைச்சரிவுகளில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு காபன் மிகுந்த உருக்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உருக்கியெடுத்தனர் என்பதைத் தொல்பொருளாராய்ச்சி காட்டியுள்ளது. ஜிலியன் ஜூலெப் என்னும் ஆய்வாளர் 1996இல் இதனை உலகறியச் செய்தார்.

இரு கத்திகளையும் அன்னையார் முன் வைத்தோம். ஷெபீல்ட் கத்தி கண்ணாடிபோல் மின்னியது. பாராட்டை எதிர்பார்த்து நின்றோம். அவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரையின்மீது விரலை வைத்துச் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "ஏன் இப்பிடி வெள்ளையாக்கினனீ? இது கறுக்க வேணும். கறுத்தால்தான் துரு வராது" என்றார்.

அவர் சொன்னது மெய்யே. காய்கறிகளின் புளிப்பும் துவர்ப்பும் இரும்போடு சேர்ந்து படிய வைக்கும் கருநிறப் பூச்சு, செந்துருவைப் பெருமளவு தடுக்கும். எழுபது ஆண்டுச் சமையல் பூசிய அக்கருமையின் எச்சத்தையும் துருவோடு சேர்த்து நாம் துடைத்துவிட்டோம்.

"சந்தையிலை ஒரு வாழைப்பூ வாங்கியா" என்றார் அன்னையார். வாங்கிவந்தோம். மடலை உரித்து அவர் அரியத் தொடங்கியதும் அலகில் நீலச் சாயல் படர்ந்தது. அரிந்து முடிக்கையில் சாம்பல் நிறமாயிற்று. கத்தியைக் கழுவித் துடைத்து, பழைய வழக்கப்படி சுவரோரம் சாய்த்து வைத்தார். அவர் ஊர் திரும்பிவிட்டார். கத்தி நாளுக்கு நாள் கறுத்து வருகிறது.