அரசியலாரும் நீதியாசனமும்

அரசியற் கட்சியில் உழைத்தவர் நீதியாசனத்தில் அமர்தல் தகுமோ என்னும் வினா நம் நாட்டில் அடிக்கடி எழுகின்றது. 2023-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்ற நியமனம் ஒன்றைப்பற்றி இவ்வினா உச்சநீதிமன்றம் வரை சென்று தள்ளுபடியாயிற்று. தகாது என்பாரே பலர். யாம் அவரோடு முற்றும் உடன்படேம். வி. ஆர். கிருஷ்ணையரின் வாழ்க்கையே அதற்குக் காரணம்.

பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்திற் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் பயின்று, தலைச்சேரியில் உழவர்க்கும் தொழிலாளர்க்கும் வாதாடி வந்தவர் அவர். பொதுவுடைமையாளர்க்கு உதவினார் என்னும் குற்றச்சாட்டின்மேல் 1948-இல் ஏறத்தாழ ஒரு திங்கள் சிறையிலிருந்தார். 1952-இல் சென்னைச் சட்டசபைக்கும், 1957-இல் கேரளச் சட்டசபைக்கும் சுயேச்சையாகத் தேர்ந்தெடுக்கப்பெற்று, நம்பூதிரிபாடு அமைத்த மந்திரிசபையில் சட்டம், உள்நாடு, சிறை முதலிய இலாகாக்களை ஏற்றார். 1959-இல் அம்மந்திரிசபை கலைக்கப்படவே, மீண்டும் வக்கீல் தொழிலுக்கே திரும்பினார். 1968-இல் கேரள உயர்நீதிமன்றத்திற்கும், 1973-இல் உச்சநீதிமன்றத்திற்கும் நீதிபதியானார். பம்பாய் வழக்கறிஞர் சிலர் பின்னைய நியமனத்தை வெளிப்பட எதிர்த்தனர்; அவருள் ஒருவரான சோலி சொராப்ஜி, பிற்காலத்தில் அதற்காகத் தாமே வருந்தினார்.

அவ்வச்சம் 1975 ஜூன் 24-ஆம் நாள் சோதிக்கப்பட்டது. இந்திரா காந்தி அம்மையாரின் தேர்தலை அலகாபாத் உயர்நீதிமன்றம் செல்லாதாக்கியிருந்தது. அத்தீர்ப்புக்கு முழுத் தடை வேண்டி அம்மையார் செய்த மனு, விடுமுறைக்கால நீதிபதியாயிருந்த கிருஷ்ணையர்முன் வந்தது. தம்மை நியமித்த அரசின் தலைவியே மனுதாரர்! அவர் முழுத் தடை தந்தாரல்லர். பிரதமராய்த் தொடரலாம், சபைக்கு வரலாம். ஆயின் உறுப்பினராக வாக்களித்தல் கூடாது என்றார். மறுநாள் இரவே நெருக்கடிநிலை பிறந்தது. அவ்வாணை இருதிறத்தாரையும் மகிழ்விக்கவில்லை என்பர். அதுவே அதற்கு நற்சான்று என்பது எம் துணிபு.

இனி, அரசியல் அவர்க்குக் கற்பித்தது யாது? திகார்ச் சிறையில் ஒரு கைதி துன்புறுத்தப்பட்டதைச் சுனில் பத்ரா என்னும் மற்றொரு கைதி கடிதத்தில் எழுதியனுப்ப, அதுவே மனுவாகக் கொள்ளப்பட்டு 1979-இல் தீர்ப்பாயிற்று. தீர்ப்பை எழுதியவர் ஒருகாலத்தில் சிறையிலிருந்தவர். பின்னர்ச் சிறைக்கு மந்திரியாயிருந்தவர். கொல்லிமலையினின்று இறங்கி, எம் சேந்தமங்கலத்தைக் கடந்து, நாமக்கல் கச்சேரிக்குச் செல்லும் மலையாளி ஒருவர்க்குச் சட்டநூலின் நடையும் தெரியாது, வக்கீலின் மொழியும் புரியாது. அவருடைய கைக்கடிதத்தையும் மதித்துப் படிக்கும் கண், வாக்குக் கேட்டு வீடுவீடாய் நடந்தவர்க்கு எளிதில் வாய்க்கும் என்று கருதுகின்றோம்.

ஆயினும் மறுபுறமும் உண்டு. பகருல் இஸ்லாம் காங்கிரஸ் சார்பில் மாநிலங்களவையிலிருந்து, 1972-இல் அதனை விடுத்துக் கௌகாத்தி உயர்நீதிமன்ற நீதிபதியானார். ஓய்வுபெற்றபின் 1980-இல் உச்சநீதிமன்றத்திற்கு அழைக்கப்பெற்றார். பீகாரின் காங்கிரஸ் முதல்வர் ஜகந்நாத மிஸ்ரா மீதிருந்த வழக்கைத் திரும்பப் பெறலாம் என்ற 1982 டிசம்பர்த் தீர்ப்பில் அவரும் ஒருவர். அடுத்த மாதமே பதவி துறந்து அக்கட்சியின் வேட்பாளரானார். தீர்ப்பின் குணதோஷங்களை ஆராயும் புலமை எமக்கில்லை. அம்மாத இடைவெளியொன்றே எம்மை உறுத்துகின்றது.

இவ்விருவரையும் வேறுபடுத்தியது நீதிமன்றம் புகுந்த வாயில் அன்று. கே. எஸ். ஹெக்டேயும் 1957-இல் மாநிலங்களவையினின்று நேரே மைசூர் உயர்நீதிமன்றத்திற்குச் சென்றவரே. எனினும் அரசுக்கு இசையாத தீர்ப்புகளில் பங்குகொண்டமையால் 1973-இல் தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டிச் சென்றது. கிருஷ்ணையர்க்கோ மந்திரி பதவிக்கும் நீதியாசனத்திற்கும் இடையே ஒன்பதாண்டு கழிந்தது. 1987-இல் அவர் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று ஆர். வெங்கடராமனிடம் தோற்றாரேயெனின், அது ஓய்வுபெற்று ஏழாண்டுக்குப் பின். அதுவும் ஆளுங்கட்சிக்கு எதிராக.

ஆகவே, அரசியலாரை அறவே விலக்குதல் வேண்டா. புகும்போது ஐந்தாண்டும், நீங்கியபின் ஐந்தாண்டும் இடைவெளி வேண்டும் என விதி செய்தால் போதும். 1982-இல் அவ்விதி இருந்திருப்பின், பகருல் இஸ்லாம் பங்குகொண்ட தீர்ப்பை அதன் நியாயங்களைக் கொண்டே உலகம் எடைபோட்டிருக்கும்.