மழைக்கு முன் பாத்தியை உயர்த்துங்கள்



ஆவணி, புரட்டாதி வெயிலில் கிணற்றில் தண்ணீர் இறங்கியதும் வீட்டுத்தோட்டத்தைக் கைவிட்டு, "மழை வரட்டும், பார்ப்போம்" என்றிருக்கும் வீடுகள் வன்னியில் பல. கார்த்திகை, மார்கழியில் சந்தையில் மரக்கறி விலை ஏறும்போது உங்கள் அடுப்படிக்குக் காய் கிடைக்குமா என்பதை மழைக்கு முந்திய நான்கைந்து வாரங்களே தீர்மானிக்கின்றன. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில், தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கும் நிலை வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

விதைப்புக்கு ஹிஜ்ரி மாதத்தைக் கணக்கு வைக்காதீர்கள். அது ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முந்திச் செல்லும். ரமழான் கோடையிலும் வரும், மாரியிலும் வரும். காலபோகம் சூரியனைப் பார்த்தே வருகிறது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடபுலத்து முஸ்லிம்களின் பிள்ளைகள் பலர் புத்தளத்து மணலில் வளர்ந்தவர்கள். 2009க்குப் பின் நீராவிப்பிட்டிக்கும் நாச்சிக்குடாவுக்கும் சாளம்பைக்குளத்துக்கும் குடும்பங்கள் மீண்டன. மணலில் ஊற்றிய தண்ணீர் உடனே கீழிறங்கிவிடும். வன்னிச் செம்மண் அப்படியல்ல. வெயிலில் கல்லாக இறுகும், மழையில் களியாகித் தண்ணீரைத் தேக்கும். உம்மம்மாமார் அறிந்திருந்த இந்த வேறுபாட்டைப் பேத்திகளும் அறிய வேண்டும்.

கோடையில் பாத்தியைத் தாழ்த்தி, வுளூச் செய்த தண்ணீரையும் அதற்குள் விட்டு ஈரத்தைக் காத்தோம். மாரியில் அதே பள்ளம் செடியின் வேரை அழுக வைக்கும். ஆகவே, முதல் மழைக்கு முன்னர் பாத்தியை முக்கால் அடி முதல் ஓரடி வரை உயர்த்துங்கள். அகலம் மூன்றடி போதும். இருபுறமும் நின்று கையெட்டும். இடையே வாய்க்கால் வெட்டி, வளவின் தாழ்ந்த பக்கத்துக்கு வடிய விடுங்கள். கிணற்றுப் பக்கம் விடவே கூடாது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. அத்தகைய வெள்ளத்தை ஒரு வாய்க்கால் தடுக்காது. ஆனால், வழமையான அடைமழையில் செடி பிழைக்கும்.

கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றைப் புரட்டாதியிலேயே போடுங்கள். நாற்றுமேடையில் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தால் நாற்றழுகல் நோய் குறையும். மழைத்துளி அடிக்காமல் மேலே கிடுகு கட்டுங்கள். வெண்டி, பயிற்றை விதைகளை முதல் மழை ஈரத்தில் நேரே ஊன்றலாம்.

கோடைச் செடிகளை உடனே பிடுங்க வேண்டாம். நோயில்லாத பழைய கத்தரியை வெட்டிவிட்டால் மழையில் மறுபடி தளிர்க்கும். முற்றிய வெண்டி, பயிற்றையைக் கடைசி வெயிலில் காயவைத்து, விதையைச் சாம்பல் கலந்து போத்தலில் அடையுங்கள். கலப்பின விதையில் வந்த காயிலிருந்து விதை எடுக்காதீர்கள். அது தாயைப் போல வராது. வேலியிலுள்ள சீமைக்கிளுவையை வெட்டி இலையைப் பாத்தியில் தாழுங்கள். அடைமழைக்கு முன் யூரியா இட்டால் அது கழுவிக்கொண்டு போகும், காசும் போகும். சிரட்டை, உடைந்த சட்டிகளைக் கவிழ்த்து வையுங்கள். அவற்றில் தேங்கும் தண்ணீரில்தான் டெங்கு நுளம்பு பெருகும்.

ஒரு விடயம். இறுகிய செம்மண்ணைக் கொத்துவது கடும் வேலை. நீர் சுமப்பதும் களை பிடுங்குவதும் உங்கள் தலையில்; மண்வெட்டியும் உங்கள் தலையிலா? நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலையில் தம் குடும்பத்தாருக்கு உதவியாக இருந்தார்கள். இந்தப் பந்தியைக் கணவருக்கும் வளர்ந்த ஆண்பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இரண்டு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் கொத்தினால் சின்னத் தோட்டம் முடிந்துவிடும்.

குரங்கும் மயிலும் கிளியும் தம் பங்கை எடுக்கத்தான் செய்யும். நட்டவருக்கு அதுவும் ஸதகா என்பது நபிமொழி தரும் ஆறுதல். மிஞ்சுவதில் ஒரு பிடியைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.