அரும்பிலேயே உட்கார வைக்காதீர்கள்

கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களின் ஈராசிரியர் பள்ளிகள் இந்தக் கணக்குக்குள்தான் பாடம் நடத்த வேண்டும். சரளமாக வாசிக்கும் பிள்ளைக்குப் பக்கத்திலேயே எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளை, இருளர் குடியிருப்பிலிருந்து முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளை.

இந்தச் சூழலில்தான் 2022 ஜூனில் தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. எந்த வகுப்பு என்று பாராமல் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்க்கச் சொன்ன திட்டம் அது, எண்ணம் சரியானது. ஆனால் ஜூனில் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை மார்ச்சிலும் அங்கேயே உட்கார்ந்திருந்தால் அரும்பு என்பது முத்திரையாகிவிடும். ஊரும் காலனியும் தனித்தனியே இருக்கும் பகுதி இது. அரும்பு வரிசையில் யார் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு தலைமையாசிரியரும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழுக்கள் கலைந்துகொண்டே இருக்கட்டும். வாசிப்புக்கு ஒரு குழு, கணக்குக்கு வேறு குழு, கதைக்கு எல்லோரும் ஒன்றாக. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிள்ளையை அருகில் அழைத்து இரண்டு வரி வாசிக்கக் கேட்டால் போதும், எங்கே சிக்குகிறது என்று தெரிந்துவிடும், தேர்வுத்தாள் தேவையில்லை. எழுத வராத பிள்ளை வாயால் சொல்லும் விடையும் விடைதான். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தருவது நல்லது, ஆனால் என்றும் ஒருவரே சொல்லித்தந்தால் அது பழைய சட்டாம்பிள்ளை முறை. சொல்லித்தர எல்லாப் பிள்ளைகளிடமும் ஏதாவது இருக்கும். செங்கல்பட்டுப் பகுதி இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பாம்பு பிடிக்கும் அறிவுக்காக 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். ஏரியும் வயலும் பாடமாக வரும் நாளில் இருளர் வீட்டுப் பிள்ளை எழுந்து நின்று மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய் மாதங்கள் கழித்துத் திரும்பும் பிள்ளை என்ன செய்யும்? 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் இதற்கு வழி இருந்தது. ஏணிப்படியில் விட்ட அட்டையிலிருந்தே பிள்ளை தொடரலாம். அந்த அட்டைகளை மூட்டை கட்டியது தவறு என்றே நாம் கருதுகிறோம். பரணில் இருந்தால் இறக்குங்கள்.

கற்றல் குறைபாட்டையும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 21 வகைகளில் சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளையை ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் எழுதிவிட்டுக் கடந்துபோவது அநீதி. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வரும் நாளில் பிள்ளையைத் தனியே அழைத்துப் போகாமல், வகுப்பாசிரியரோடு சேர்ந்து ஒரு பாடம் நடத்த வேண்டும். மறுநாள் அவர் வரமாட்டார். வகுப்பாசிரியர் அங்கேதான் இருப்பார்.

இவை எல்லாவற்றுக்கும் ஆசிரியருக்கு நேரம் வேண்டும். வருகைப்பதிவு தவிர, முற்பகல் முழுவதும் எமிஸ் இணையதளப் பதிவோ புள்ளிவிவரமோ கேட்கக் கூடாது என்று ஈராசிரியர் பள்ளிகளுக்காவது பள்ளிக் கல்வித் துறை எழுத்துப்பூர்வமாக ஆணையிட வேண்டும். பார்வையிட வரும் அலுவலர் பதிவேட்டைக் கேட்கும் முன், அரும்புப் பிள்ளை ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும்.